ஸ்கேன் அக்காவும் ஆறாவது டம்ளரும்

படைப்புத் தொழில் பிரம்மா ஒருவருக்கு மட்டும்தான் என்று நம்புகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்கேன் சென்டர் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். அங்கே காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை கல்லீரல், மண்ணீரல், பித்தப்பை என்று ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே கீபோர்டில் பிரம்மா அரைகுறையாக விட்ட ஆட்களையெல்லாம் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரம்மாவுக்கு நான்கு தலை. இவருக்கு ஒரு தலையும் பவர் கூடிய ஒரு கண்ணாடியும்தான்.

போன வாரம் ஒரு வாசகி எனக்கு எழுதியிருந்தார். 'என் மகள் காலேஜில் படிக்கிறாள். எப்போது பார்த்தாலும் யாரோ எழுதிய கதைக்கு, யாரோ எடுத்த படத்துக்கு இவள் தொடர்ச்சி எழுதிக்கொண்டிருக்கிறாள். கேட்டால் ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறாள். இது நல்லதா, கெட்டதா? கண்டிக்கலாமா?' தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தத் தொழிலில் உச்சிக்குப் போய், அங்கிருந்து விழுந்து, எழுந்தும் நின்ற ஒருவரோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்தேன். சங்கரன்கோவில் முக்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பெண்கள் ஹாஸ்டல். பதினெட்டுப் பெண்கள், ஒரு டிவி, ஒரு வார்டன் அம்மா. வார்டன் அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் திட்டின் முதல் பாதி தமிழிலும் பிற்பாதி தெலுங்கிலும் வரும். எங்களுக்குப் புரிகிற பாதிக்கு மட்டும் நாங்கள் பயப்படுவோம்.

நான் சேர்ந்த அன்று மாலை ஏழு மணிக்கு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரிய குடும்பத்தின் கதை அது. மாமியார் மருமகளை ஓங்கி அறைந்தாள். மருமகள் மாடிப்படியில் சரிந்தாள். ஹாலில் பாதிப் பேருக்குக் கண்ணீர். எனக்குப் பக்கத்தில், மடியில் ஒரு கோடு போட்ட நோட்டோடு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் தோளைத் தட்டினார்.

"ஏட்டி, அந்தத் தட்டுல எத்தன டம்ளர் இருந்துச்சு?"

"எந்தத் தட்டு?"

"காபித் தட்டு. அறையும்போது பின்னால ஒருத்தி தட்டோட நின்னாள்ல. நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

நான் அறைந்தவளையும் அறை வாங்கினவளையும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் விளம்பர இடைவேளை முடியும்வரை காத்திருந்தார். மீண்டும் அதே காட்சியைக் காட்டினார்கள். "ஆறு," என்று நோட்டில் குறித்துக்கொண்டார். "வீட்டுல இருக்கது அஞ்சு பேரு."

இவர்தான் ஸ்கேன் அக்கா. வ.புதுப்பட்டிக்காரர். அவருடைய சொந்தப் பெயர் வார்டன் அம்மாவின் ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த சீரியலில் ராணி என்று ஒரு வேலைக்காரி. மாமியார் "ராணி, காபி கொண்டா" என்பாள். ராணி வருவாள், தட்டை நீட்டுவாள், போவாள். வசனம் கிடையாது. முகத்தை முழுதாகக் காட்டின நாட்களை விரல்விட்டு எண்ணலாம். ஊரே மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்கிற சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்கேன் அக்கா ஒருவர் மட்டும் ராணியைப் பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை. அவளுக்கு ஒரு ஊர் கொடுத்தார். பட்டாளத்தில் இருக்கும் ரவி என்று ஒரு புருஷனைக் கொடுத்தார். கெட்டுப்போன ஒரு பல்லைக் கொடுத்து, அதைப் பிடுங்கப் போக லீவு கிடைக்காமல் அவள் தவிப்பதை மட்டும் பதினெட்டுப் பக்கம் எழுதினார். அந்தப் பதினெட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு எங்கள் ஹாஸ்டலில் நாலு பேர் பல் டாக்டரிடம் போனார்கள்.

அந்த ஆறாவது டம்ளரை நான் மறக்கவே மாட்டேன். படப்பிடிப்பில் யாரோ கவனக்குறைவாக ஒரு டம்ளரைக் கூட வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். இதை அக்காவிடம் சொன்னேன்.

"அவிய தப்பா வச்சிருக்கலாம்டி. ராணி தப்பா வைக்க மாட்டா. வருசக் கணக்கா காபி கொண்டு வாரவ. யாருக்கோதான் ஊத்தியிருக்கா."

யாருக்கு என்பதை இரண்டு வாரம் யோசித்தார். பிறகு எழுதினார். செத்துப்போன பெரியவருக்கு ராணி தினமும் ஒரு டம்ளர் ஊற்றுகிறாள். வீட்டில் பெற்ற பிள்ளைகள்கூட அவரை மறந்துவிட்டார்கள். அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ராணி, நீ குடிச்சியா?" என்று கேட்டிருக்கிறார். அதற்காக ஊற்றுகிறாள். எல்லோரும் குடித்து முடித்த பிறகு அந்த ஆறிப்போன காபியைச் சமையல்கட்டில் நின்றுகொண்டே தான் குடிக்கிறாள்.

ஒரு லைட்டிங் பையனோ, ஒரு சாமான் பொறுப்பாளரோ செய்த பிழையிலிருந்து இந்த மனுஷி ஒரு வாழ்க்கையைக் கறந்து எடுத்துவிட்டாரே என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "என்னட்டி முழிக்க? தண்ணி வந்துருச்சான்னு போய்ப் பாரு," என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவருடைய அம்மா எங்கேயோ வீட்டு வேலை பார்த்திருக்க வேண்டும், அந்த வலிதான் இப்படி வருகிறது என்று நானே முடிவுகட்டி, ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"எங்கம்மாவா? பஞ்சாயத்து ஆபீஸ்ல கிளார்க்கு. எங்க வீட்டுல காபி போட்டது எங்கப்பா." பிறகு என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "ஏட்டி, ஒருத்தரப் பத்தி யோசிக்கணும்னா அவிய நமக்குச் சொந்தமா இருக்கணுமா?"

அன்றிலிருந்து நான் யாரைப் பற்றியும் அவசரப்பட்டு முடிவுகட்டுவதில்லை என்று எழுத ஆசைதான். முழுதும் உண்மையில்லை.

இந்தக் கவனிப்பால் அவருக்கு நஷ்டமும் உண்டு. மகாராஜபுரத்தில் அவருடைய சித்தி வீட்டில் வைத்து ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தார். வழக்கப்படி அக்கா காபித் தட்டை எடுத்துப் போக வேண்டும். துணைக்கு நானும் போயிருந்தேன். தட்டோடு ஹாலுக்குப் போனவர், பாதி வழியில் நின்று, திரும்பி உள்ளே வந்துவிட்டார். பயம் போலிருக்கிறது என்று சித்தி முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"பயமெல்லாம் இல்ல சித்தி. ஏழு டம்ளர் நெறஞ்சிருந்தா தட்டு வலது பக்கமா இழுக்குது. ராணி எப்படி ஒத்தக் கையில புடிக்கா?"

மூன்று முறை போய் வந்தார். நாலாவது முறைதான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கிடைத்தது. அவர்கள் கிளம்பிப் போனதும், "மாப்பிள்ளை எப்படிம்மா?" என்று சித்தப்பா கேட்டார். அக்கா நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"சீனி கம்மியாக் குடிக்காரு. டம்ளரத் தட்டுல வைக்காம, எடுத்துட்டுப் போறவ கையில குடுத்தாரு. நல்ல ஆளுதான். மூஞ்சியப் பாக்க மறந்துட்டேன்."

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. மூன்றாம் நாள் ராணியின் கதையில், சீனி கம்மியாகக் குடிக்கும் ஒரு நல்ல மனிதர் அந்தப் பெரிய வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார்.

எழுதியதை அவர் ஒரு செல்போன் செயலியில் போட்டுவந்தார். ஆயிரக்கணக்கில் படித்தார்கள். 'அடுத்த பாகம் எப்போ சிஸ்?' என்று துபாயிலிருந்தெல்லாம் கேட்டார்கள். ஆனால் அவருடைய முதல்தரமான வாசகர்கள் செயலியில் வந்தவர்கள் அல்ல. எக்ஸ்ரே கவரில் வந்தவர்கள்.

சோழபுரத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்க வந்திருந்தார். அன்று மதியம் அக்கா ஒரு அத்தியாயத்தைப் பிரிண்ட் எடுத்திருந்தார். ரிப்போர்ட்டும் அத்தியாயமும் ஒரே மேஜை, ஒரே அளவுத் தாள். ஹவில்தாரும் அவருடைய வீட்டம்மாவும் கவரை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் தாளை உருவினார். மேலிருந்து கீழே படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஐயா, யாரு இந்த ராணி?" என்றார்.

ஹவில்தாருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டம்மா தாளைப் பிடுங்கிப் பார்த்தார். 'ரவி பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதத்தை ராணி ரவிக்கைக்குள் ஒளித்து வைத்தாள்' என்று இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக எழாத சந்தேகம் அந்த ஆஸ்பத்திரி அறையில் எழுந்து நின்றது. ஹவில்தாருக்குக் கூப்பிடு பெயர் ரவி.

மறுநாள் காலை ஸ்கேன் சென்டரைத் திறக்கும் முன்பே அந்த அம்மா வாசலில் நின்றார். ஹவில்தார் நாலு அடி தள்ளி, தண்டனை வாங்கிய சிப்பாய் மாதிரி நின்றார். அக்கா அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னார். கதை என்றார். சீரியலில் வருகிற ராணி என்றார். நிரூபிக்க முதல் நோட்டை எடுத்து நீட்டினார்.

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, உண்மைதானா என்று சோதிப்பதற்காகப் படிக்க ஆரம்பித்தார். பத்தரைக்கு இரண்டாவது நோட்டு கேட்டார். ஹவில்தார், "போவமா? பஸ்ஸு வந்துரும்," என்றார்.

"செத்த நேரம் சும்மா இருங்க. இவ புருசன் இன்னும் வந்து சேரல."

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை இருவரும் வந்தார்கள். ஹவில்தார் பட்டாள விஷயங்களைத் திருத்திக் கொடுத்தார். "தாயி, லீவுக்கு வாரவன் இப்படிக் கைய வீசிக்கிட்டு வரமாட்டான். இரும்புப் பெட்டி இருக்கும். பூட்டுச் சாவிய அரைஞாண்ல கட்டியிருப்பான். அத எழுது." அக்கா எழுதிக்கொண்டார். ஒருநாள் ரிசப்ஷனில் இருந்த பெண், "இன்னைக்கு என்ன ஸ்கேன் ஐயா?" என்று கேட்டதற்கு, "கல்லு எப்பமோ தன்னால போயிருச்சும்மா. கததான் போகமாட்டேங்குது," என்றாராம்.

இப்படி உச்சியில் இருந்தபோதுதான் ஒருநாள் ஏழு மணிக்கு அந்தக் குண்டு விழுந்தது. டிவியில் மாமியார் போகிறபோக்கில், "ராணி வேலைய விட்டு நின்னுட்டா, புது ஆள் வரச் சொல்லியிருக்கேன்," என்றாள். ஒரு வரிதான். அடுத்த நொடி மருமகள் விஷப் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் ஹாலில் ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. பதினேழு பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். வார்டன் அம்மாகூடச் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். "அவிய வீட்டுல நின்னுட்டா," என்றார். "என் நோட்டுல இருக்கா." எழுந்து போய்விட்டார். அன்று அவர் சாப்பிட வரவில்லை. வார்டன் அம்மா தட்டில் போட்டு அறைக்கே கொண்டுவந்து வைத்தார். அவர் வரலாற்றில் யாருக்கும் செய்யாத காரியம் அது.

அடுத்ததாக நடந்ததற்கு முழுப் பொறுப்பு என்னுடையது. ஒரு வாரப் பத்திரிகை நாவல் போட்டி அறிவித்திருந்தது. நான் அக்காவிடம், "இவ்வளவு எழுதியிருக்கீங்க, எல்லாம் அடுத்தவங்க சீரியல் பேர்ல இருக்கு. பேரை மாத்திட்டா உங்க கதை. அனுப்புவோம்," என்றேன். அவர் தயங்கினார். "பேர மாத்துனா போதுமாட்டி?" என்று இரண்டு முறை கேட்டார். எனக்கு என்ன தெரியும், "போதும்," என்றேன்.

மில் கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்தேன். ராணி என்று வரும் இடத்திலெல்லாம் கலா. ரவி என்று வரும் இடத்திலெல்லாம் மணி. ஒரே அழுத்து. கம்ப்யூட்டர் ஆயிரத்துச் சொச்சம் இடங்களில் மாற்றிவிட்டதாகப் பெருமையோடு சொன்னது. திரும்பப் படித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து அந்தப் பத்திரிகையின் ஆசிரியை போன் செய்தார். இருவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு நான் பிடித்துக்கொண்டேன். நல்ல குரல், பொறுமையான குரல்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். உங்க ஊர்ப் பக்கம் ராத்திரிக்கு 'இமண்'னு ஒரு சொல் இருக்கா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"இல்ல, மூணாம் அத்தியாயத்துல 'மணி இமணில் வமணில்லை'ன்னு ஒரு வாக்கியம் வருது. வட்டார வழக்கோன்னு நெனச்சோம். எங்க உதவி ஆசிரியர் ஒருத்தர் ரொம்ப ரசிச்சுப் படிச்சார்."

'ரவி இரவில் வரவில்லை' என்று அக்கா எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் இரவுக்குள்ளும் ரவியைப் பார்த்திருக்கிறது, வரவில்லைக்குள்ளும் பார்த்திருக்கிறது. அதோடு விடவில்லை. 'நான் என்ன வாயில்லாப் பிராணியா' என்று ராணி பொங்கி எழும் முக்கியமான கட்டத்தில், கலாவாகிப்போன அவள், 'நான் என்ன வாயில்லாப் பிகலாயா' என்று பொங்கியிருக்கிறாள்.

நான் ஒப்புக்கொண்டேன். ஆசிரியை வெகுநேரம் சிரித்தார். அக்காவும் சிரித்தார். இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதெல்லாம் திருத்திடலாம் மேடம்," என்றார் ஆசிரியை. "உங்களுக்குக் கண் இருக்கு. அந்த ஆறாவது டம்ளர் இடத்துல நான் படிக்கிறதை நிறுத்திட்டு எழுந்து நடந்தேன். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த வீடு எப்படி இருக்கும்?"

அக்கா முழித்தார். "வீடா?"

"ஆமா. முந்நூறு பக்கம் படிச்சேன். அந்த மாமியாரம்மா எப்படி இருப்பாங்க, மாடிப்படி எந்தப் பக்கம், வாசல்ல என்ன இருக்கு, எங்கயும் இல்லை. எல்லாரும் ஏற்கெனவே அந்த வீட்டைப் பார்த்த மாதிரி எழுதியிருக்கீங்க. நான் பார்த்ததில்லையே."

ஆசிரியையிடம் டிவி கிடையாதாம்.

போனை வைத்தபிறகு அக்கா கட்டிலில் உட்கார்ந்து நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பன்னிரண்டு நோட்டு. நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கடைசியாக நிமிர்ந்தார்.

"ஏட்டி, பன்னெண்டு நோட்டு எழுதியிருக்கேன். ஒரு கதவு நான் வைக்கல பாரு."

அதன் பிறகு மூன்று மாதம் அவர் ஒரு வரி எழுதவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. சொந்தமாக ஒரு வீடு கட்டிப் பார்க்கிறேன் என்று உட்காருவார். நாலாவது வரியில் ஒரு மாடிப்படி வந்துவிடும். அதே டிவி மாடிப்படி. அழித்துவிட்டுக் குடிசை என்று ஆரம்பிப்பார். குடிசைக்குள்ளும் மாடிப்படி வந்து நிற்கும். "இந்த எழவு படி என்னைய விடமாட்டேங்குது," என்பார். வார்டன் அம்மாவின் வீட்டைப் பார்த்து எழுதலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலை அளந்தார். வீட்டை விற்கப் போவதாக யாரோ தெருவில் கிளப்பிவிட்டு, இரண்டு புரோக்கர்கள் வந்து நின்றார்கள். வார்டன் அம்மா அன்று திட்டியதில் தமிழே இல்லை.

செயலியில் வாசகர்கள் கொந்தளித்தார்கள். 'ராணியைக் கொன்னுட்டீங்களா?' என்று ஒருவர். 'உங்களுக்கு எழுத வரலைன்னா நான் எழுதிக்கிறேன்' என்று இன்னொருவர். உண்மையிலேயே எழுதவும் ஆரம்பித்துவிட்டார். அதில் ராணி ஒரு கோடீஸ்வரரின் தொலைந்துபோன மகள். அதைப் படித்த அன்றுதான் அக்கா அழுதார். "அவ காபிதான்டி கொண்டு வருவா. அதுக்கே அவளப் பத்தி எழுதலாமே," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹாஸ்டல் வாசலில் மொபெட் சத்தம். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் ஹவில்தார் கேட்டுக்கு வெளியே அட்டென்ஷனில் நின்றார். வீட்டம்மா மட்டும் நேராக எங்கள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏன் எழுதல?"

அக்கா சொன்னார். ஆசிரியை சொன்னது, மாடிப்படி, கதவு எல்லாம் சொன்னார். அந்த அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "இம்புட்டுதானா?" என்றார். "ஒரு கதவுக்காகவா இத்தன நாளு? எங்க வீட்டுக் கதவ எடுத்துக்க. சும்மாதான கெடக்கு. இன்னைக்கு அங்கதான் சாப்பாடு, கிளம்பு."

நானும் ஒட்டிக்கொண்டேன். சோழபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மக்காச்சோளக் காட்டை ஒட்டி நடந்தால் ஓட்டு வீடு. கதவு பட்டாளப் பச்சையில் இருந்தது. எங்கேயோ மிஞ்சிய பெயிண்ட்டை ஹவில்தாரே அடித்திருந்தார். கீழ்ப்பக்கம் ஆடு நக்கிப் பெயிண்ட் போயிருந்தது. மழைக்கு ஊறினால் சாத்தாது, வெயிலுக்குக் காய்ந்தால் தானாகத் திறந்துகொள்ளும் என்று ஹவில்தார் ஒரு ஆயுதத்தை விளக்குவதுபோல விளக்கினார். எனக்கு அது சாதாரணக் கதவு. பசி வேறு.

அக்கா கதவுக்கு முன்னால் நின்றார். வெளியே நின்று பார்த்தார். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, உள்பக்கம் ரெண்டு தாழ்ப்பா இருக்கே. ஒண்ணு மேல, சரி. இது ஏன் இம்புட்டுக் கீழ, முழங்கா உயரத்துல?"

ஹவில்தார் குனிந்து பார்த்தார். அந்தக் கதவுக்கு எத்தனையோ முறை பெயிண்ட் அடித்தவர் அவர். அந்தக் கீழ்த் தாழ்ப்பாளையும் சேர்த்தே அடித்திருக்கிறார். "அட, ஆமா. இத எப்ப வச்ச?" என்று வீட்டம்மாவைக் கேட்டார்.

அந்த அம்மா சாதத்தை வடித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நீங்க ஒரு லீவு முடிஞ்சு போன மறுநாளு."

"எதுக்கு?"

"மேல உள்ளது ஆட்டுனா வெளிய இருந்தே கழண்டுரும். நீங்க போன ராத்திரியே யாரோ ஆட்டிப் பாத்தான். ரெண்டு புள்ளைகளோட இருந்தேன். படுத்துக்கிட்டே கைய நீட்டித் தொட்டுப் பாக்குற மாதிரி கீழ ஒண்ணு வச்சுக்கிட்டேன். தாழ்ப்பா இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுத் தூங்குவேன்."

"கடுதாசில எழுதலையே."

"எழுதுனா நீங்க அங்க இருந்து என்ன செய்வீக?"

ஹவில்தார் கதவுக்கு முன்னால், அக்காவுக்குப் பக்கத்தில், மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார். போட்டார், எடுத்தார். அது பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டு கிறீச்சென்றது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் எண்ணெய் கொண்டுவந்து விட்டார். அந்த அம்மா இலையைப் போட்டு, "வாங்க, ஆறிரும்," என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்தக் கதவு வழியாகப் போய்வந்த மனுஷன் கண்ணில் படாத ஒன்று, உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிடம் இவர் கண்ணில் எப்படிப் பட்டது? எனக்குப் பதில் தெரியும். யாரோ எடுத்த சீரியலில், யாரும் பார்க்காத மூலையில், வருஷக்கணக்காக டம்ளர் எண்ணிய கண் அது.

அடுத்த மூன்று வாரம் அக்கா கதவு மட்டும் எழுதினார். நம்புங்கள், கதவு மட்டும். பதினோரு முறை அடித்து எழுதினார். அதற்கடுத்து வீடு தானாக வந்தது. மாடிப்படி வரவில்லை, ஓட்டு வீட்டில் அதற்கு இடமில்லை. எழுதியதை முதலில் சோழபுரத்துக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். "போடலாமா அம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா, "என் பேரு போடாத. தாழ்ப்பா எங்கருக்குங்குறதையும் மாத்திரு, திருடன் படிப்பான்," என்றார். அக்கா அதை வேறு உயரத்துக்கு மாற்றினார். ஆசிரியை இரண்டு முறை திருத்தச் சொல்லிவிட்டு, சிறுகதையாகப் போட்டார்.

அதையே செயலியிலும் போட்டார் அக்கா. ராணிக்கு ஆயிரக்கணக்கில் வந்த கூட்டத்தில் முப்பது பேர் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர், 'கதை ஓகே, ராணி எப்போ?' என்று கேட்டார்கள். அக்காவுக்கு வருத்தம் இருந்தது. இல்லையென்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுவாரமே ராணியை மீண்டும் எழுத ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக் கதை, மற்ற நாள் ராணி. "ஏன்கா, இன்னும் எதுக்கு அது?" என்று கேட்டேன்.

"நான் நிறுத்திட்டா அவளுக்கு யாருடி இருக்கா?"

பிறகு எனக்குக் கல்யாணமாகி மதுரைக்கு வந்துவிட்டேன். அந்த சீரியல் முடிந்து, அதே ஏழு மணிக்கு வேறு இரண்டு சீரியல் வந்து போய்விட்டன. போன மாதம் ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனவள், மதியம் ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தேன். அக்கா கொஞ்சம் நரைத்திருந்தார். "வாட்டி," என்றார், காலையில்தான் பார்த்ததுபோல. டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளிவிட்டு நோட்டை எடுத்தார். முப்பத்தொன்றாவது நோட்டு. ராணி வேலையை விட்டு, சொந்தமாக ஒரு காபிக் கடை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது என் கணவர் போன் செய்தார். எங்கே இருக்கிறாய் என்றார். ஸ்கேன் சென்டரில் என்றேன்.

"ஸ்கேன் சென்டரா? என்ன ஆச்சு? ரிப்போர்ட் வந்துருச்சா?"

"பயப்படாதீங்க. இன்னும் நாலு பக்கம் இருக்கு. கேட்டுட்டு வாரேன்."

அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.